மனை வாங்கும் முன்

(பள்ளிவாசலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! வளைகுடாவில் வியர்வை சிந்தி ஈட்டிய பொருளை வீட்டுமனையில் முடக்கிவிட்டு, மகளின் நிக்காஹ் நேரத்தில் அதை விற்க இயலாமல் கண்கலங்கி நின்ற சகோதரர்களை நான் கண்டிருக்கிறேன். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பின்னரும், வரன்முறை செய்யப்படாத மனையை விற்பது எளிதன்று.

வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது. பதிவு செய்யப்படாத கொடுக்கல் வாங்கல்கள் அதில் தென்படா. மூலப் பத்திரம், பட்டா, மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பவர் பத்திரம் கொண்டு விற்பவரிடம் வாங்கினால், அதை எழுதிக் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, ரத்து செய்துவிட்டாரா என விசாரியுங்கள்.

‘நம் உறவினர்தானே’ என்று எழுத்தின்றிப் பணம் கொடுக்காதீர்கள். கடனை எழுதிச் சாட்சி வைக்க ஏவும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது. எழுதக் கேட்பது சந்தேகமன்று. உறவைக் காக்கும் வழி.

மற்றொன்று: விற்று இலாபம் பெறும் நிய்யத்துடன் வாங்கிய மனை வியாபாரப் பொருளாகும். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி, அது விலைபோகாமல் கிடந்தாலும் ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் 2.5 சதவீதம் ஜகாத் உண்டு. குடியிருக்கும் வீட்டிற்கு ஜகாத் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டிற்கும் இல்லை. சேர்ந்த வாடகைப் பணத்திற்கே உண்டு. கையிருப்பு முழுவதையும் மண்ணில் போடுபவர் இதையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வல்ல ரஹ்மான் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, அதில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.