‘புரியல சார்’ என்று சொல்லும் துணிவு



இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்று ஓர் அறிவியல் ஆசிரியர் இருந்தார். கரும்பலகையில் பறவையின் படத்தை வரைந்து, அது எப்படிப் பறக்கிறது என்று விளக்கினார். பிறகு மாலையில் வகுப்பையே கடற்கரைக்கு அழைத்துப்போய், பறவைகள் எழும்புவதையும் திரும்புவதையும் நேரிலேயே காட்டினார். அந்த வகுப்பில் இருந்த அப்துல் கலாம், பின்னாளில் இந்த நிகழ்ச்சியை எத்தனையோ மேடைகளில் சொன்னார். உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். ஆனால் நாம் எப்போதும் கடற்கரையிலும் பறவையிலும் மனத்தைப் பறிகொடுத்துவிடுகிறோம். அதற்கு முன்னால் வகுப்பறைக்குள் நடந்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பாடம் முடிந்ததும் ஆசிரியர், “புரிந்ததா?” என்று கேட்டார். சிறுவன் கலாம், “புரியவில்லை” என்றான். மற்றப் பிள்ளைகளைக் கேட்டார். அவர்களில் பலரும் அதையே சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. கடற்கரைப் பாடம் பிறந்தது அந்த இடத்தில்தான். பத்து வயதுப் பையன் ஒருவன், அத்தனை பேர் நடுவே, ஆசிரியரின் முகத்தைப் பார்த்துப் ‘புரியவில்லை’ என்று சொல்ல முடிந்திருக்கிறது. அந்தத் துணிவு ஒரே நாளில் வந்திருக்காது. முன்பு எவனோ ஒருவன் அப்படிச் சொன்னபோது ஆசிரியரின் முகம் எப்படி மாறியது, புருவம் நெரிந்ததா, சாக்பீஸ் பறந்து வந்ததா என்று பிள்ளைகள் பார்த்து வைத்திருப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்கள்.

இப்போது நம் ஊர்ப் பள்ளியை நினைத்துப் பாருங்கள். “புரிஞ்சுதா?” என்று ஆசிரியர் கேட்டு முடிப்பதற்குள் நாற்பது குரலும் ஒன்றாய் எழும்: “புரிஞ்சுது சார்!” தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தக் கோரஸில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? புரியாதவன்தான் அதிகச் சத்தமாகச் சொல்வான்; சொல்லாவிட்டால் தன் பக்கம் பார்வை திரும்பிவிடும் என்று அவனுக்குத் தெரியும். அப்படி அவன் மறைத்துவைத்த சந்தேகம் அடுத்த வகுப்புக்கும் அவனோடு போகிறது. ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கில் விழுந்த ஓட்டை, பத்தாம் வகுப்பில் இயற்கணிதத்தையே சரித்துவிடுகிறது.

அதே இராமேசுவரம் பள்ளியில் இன்னொன்றும் நடந்தது. கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆசிரியர் வந்தார். குல்லா அணிந்த முஸ்லிம் சிறுவன் கலாம், கோயில் அர்ச்சகரின் மகன் இராமநாத சாஸ்திரியோடு முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சிறுவனைக் கடைசிப் பெஞ்சுக்குப் போகச் சொன்னார். அடிக்கவில்லை, திட்டவில்லை. இடத்தை மாற்றினார், அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகளும் துடித்துப்போனார்கள். செய்தியறிந்த அந்த அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரி, அந்த ஆசிரியரை அழைத்து, பிள்ளைகள் மனத்தில் வேற்றுமை விஷத்தைப் பரப்பாதீர் என்று முகத்துக்கு நேரே சொன்னார். மன்னிப்புக் கேளும், இல்லையென்றால் பள்ளியையும் ஊரையும் விட்டுப் போய்விடும் என்றார். அந்த இளம் ஆசிரியர் வருந்தினார், திருந்தினார் என்றும் கலாம் பதிவு செய்திருக்கிறார். ஓர் ஆசிரியரால் மாற முடியும் என்பதற்கும் அது சாட்சி.

பெஞ்சு என்பது சின்ன விஷயம் இல்லை, தோழர்களே. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதியின் பெயரால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. யார் யாரோடு உட்காருவது என்பதை ஒரு நீதிபதி எழுதித் தர வேண்டிய நிலைக்கு நாம் வந்திருக்கிறோம். எந்தப் பிள்ளைக்கு எந்த உதவித்தொகை என்று வகுப்பில் உரக்கப் படித்தால், அந்த ஒரு வாக்கியத்திலேயே அவன் என்ன சாதி என்று மற்ற எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவன் எந்தக் கேள்விக்குக் கை தூக்குவான்?

கை தூக்கத் துணிந்தாலும் யோசிக்க நேரம் வேண்டுமே. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர், வகுப்பறைகளில் பதிவு செய்த ஒலிநாடாக்களைப் பொறுமையாகக் கேட்டு ஆராய்ந்தார். ஆசிரியர் கேள்வி கேட்ட பிறகு, பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? பெரும்பாலும் ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுகிறார், அல்லது பதிலைத் தாமே சொல்லிவிடுகிறார். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக்கிப் பார்த்தபோது, பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. பேசாத பிள்ளைகள் பேசினார்கள். பதில் சொன்னதோடு நில்லாமல் கேள்வியும் கேட்டார்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், ஸ்மார்ட் வகுப்பறை வேண்டாம். என்னை மிகவும் உறுத்தியது அவர் கண்ட இன்னொரு செய்திதான். நன்றாகப் படிப்பவன் என்று ஆசிரியர் நினைக்கிற பிள்ளைக்குக் காத்திருக்கிற நேரம் கூடுதல். படிக்காதவன் என்று நினைக்கிற பிள்ளைக்கு அதில் பாதிதான். யோசிக்க நேரம் அதிகம் தேவைப்படுகிறவனுக்கு நேரம் குறைவு!

மூன்று நொடி எவ்வளவு என்று காட்டட்டுமா? இதோ, பேச்சை நிறுத்துகிறேன்.

பார்த்தீர்களா, அதற்குள் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்! நமக்கே அது நீளமாகத் தெரிகிறது. எழுந்து நிற்கிற எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த அமைதிதான் யோசிக்கக் கிடைக்கிற இடம்.

அந்த இடம் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காதது பழைய கவலைதான். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல் ஓர் இலக்கண நூல். ஆனால் எழுத்துக்கும் சொல்லுக்கும் போகும் முன்பே, யார் ஆசிரியர், யார் ஆசிரியராகத் தகாதவர் என்று பேசிவிட்டுத்தான் உள்ளே நுழைகிறது. தகாதவருக்கு அவர் சொன்ன உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. வளைந்து வளர்ந்த தென்னை. ஒருவன் தண்ணீர் ஊற்றுவான், காய் பக்கத்து மனையில் விழும். நம் வகுப்பறைகளில் இன்றைக்கும் அந்தத் தென்னை நிற்கிறது. மொத்த வகுப்பும் உட்கார்ந்து கேட்கிறது. ஆசிரியரின் பார்வையும் பாராட்டும் நேரமும் முதல் இரண்டு பெஞ்சில் விழுந்து தீர்ந்துவிடுகின்றன.

பொதுத்தேர்வு நெருங்கும்போது ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல் போடுகிறோம். அவர்களுக்குத் தனி வகுப்பு, தனிக் கையேடு. நோக்கம் நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயரை வகுப்பில் வாசிக்கிற தொனி இருக்கிறதே, அதிலேதான் எல்லாம் இருக்கிறது. “உங்களால ரிசல்ட்டே போகுது” என்று வாசித்தால், கையேடு எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, தன் 17-ஆம் பிரிவில் அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிரம்பைப் பெரும்பாலும் கீழே வைத்துவிட்டோம். “மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்ற சொல்லை இன்னும் கீழே வைக்கவில்லை. அந்தச் சொல், மாடு மேய்க்கிற அப்பனையும் சேர்த்தல்லவா அவமதிக்கிறது!

இங்கே ஆசிரியர்கள் மனத்தில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்ற வேண்டும், விலையில்லாப் பொருள்களுக்குக் கணக்கு எழுத வேண்டும், தேர்தல் வேலைக்கும் ஓட வேண்டும். இத்தனையும் சுமந்துகொண்டு முகத்தில் சிரிப்பை வைத்திரு என்றால் எப்படி? நியாயமான கேள்வி. ஆசிரியரின் பொறுமை அரசு தர வேண்டிய வசதிகளில் ஒன்று என்றே நான் நம்புகிறேன். அதிகாரி தலைமையாசிரியரை அதட்ட, அவர் ஆசிரியரை அதட்ட, கடைசியில் அத்தனை அதட்டலும் வந்து இறங்குவது ஒரு குழந்தையின் தலையில்தான். முறை மாறினால் நடத்தையும் மாறும் என்பதையும் இந்த மாநிலம் பார்த்திருக்கிறது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-இல் மாநிலம் முழுக்கப் பரவியபோது ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கி, பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். கரும்பலகையும் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. அந்தத் திட்டத்தின் குறைகளைப் பற்றி வேறொரு நாள் விவாதிப்போம். ஆசிரியரின் கண்ணும் குழந்தையின் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்தித்தது பெரிய காரியம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான், சட்டமே அப்படிச் சொல்கிறது. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் பற்றிக் கேளுங்கள், அவசியம் கேளுங்கள். அதோடு, கடைசிப் பெஞ்சில் யார் உட்கார்கிறார்கள், எத்தனை மாதமாக அதே பிள்ளைகள் உட்கார்கிறார்கள் என்றும் கேளுங்கள். வீட்டில், “எவ்வளவு மார்க்?” என்பதற்கு முன்னால், “இன்னைக்கு எது புரியல? சார்கிட்டச் சொன்னியா?” என்று கேளுங்கள். “சொல்லல, பயமா இருக்கு” என்று பிள்ளை சொன்னால், மறுநாள் பள்ளி வாசலில் போய்ச் சண்டை போடாதீர்கள். ஆசிரியரைத் தனியாகப் பார்த்து, மரியாதையோடு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தன்னைப் பார்த்து ஒரு குழந்தை பயப்படுகிறது என்பதே பல ஆசிரியர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் அவர்களில் பெரும்பாலோர் அடுத்த நாளே அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்தி, மறுபடி ஒருமுறை விளக்குவார்கள்.