தமிழ் எட்டாத அடுக்கு

சித்தியவான் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர் பலர் இங்கு அமர்ந்திருக்கிறீர்கள். பெரட்டு மணி அடித்தால் ஆள்கள் தாமே களத்துக்கு வருவர். மணி அடிக்காத நாளில் ஒருவர் லயம் லயமாகச் சென்று கதவைத் தட்டித்தான் அழைத்துவர வேண்டும். இன்றைய பொருளுக்கு இவ்வுவமை போதும்.

விசையை அழுத்தியதும் விசைப்பலகை செயலியை மணியடித்து அழைக்கிறது. இதனைக் குறுக்கீடு என்கிறோம். செயலி கைவேலையை நிறுத்திவிட்டு விசையின் எண்ணைப் பெறுகிறது. அவ்வெண்ணுக்கு மொழி கிடையாது. 35 என்பது ஆங்கில அமைப்பில் 'எச்'. 1999இல் வகுக்கப்பட்ட தமிழ்99 அமைப்பில் 'க'. விரலை எடுத்தால் 128 கூடி, 163 வரும். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் முதலிய மென்பொருள்கள் இதற்குப் பல அடுக்குகள் மேலே நின்றே தமிழை ஆக்கித் தருகின்றன.

இயங்குதளத்தின் கருநிரல் நிலைகுலைந்தால் அம்மேலடுக்குகளை நம்ப இயலாது. குறுக்கீடுகள் அடைக்கப்படுகின்றன, மணி ஓய்கிறது. லினக்சின் 'கேடிபி' என்னும் வழு ஆய்வு நிரல் அப்போது விசைப்பலகைக் கட்டுப்பாட்டகத்தின் நிலைக்குறியை ஓயாது பார்த்து, எண் வந்திருந்தால் தானே எடுத்துக்கொள்கிறது. லயத்துக் கதவைத் தட்டும் வேலைதான் இது. பழைய வகைப் பொறிகளில் சுட்டியின் தரவும் அதே வாயில் வழியே வரும். எது எவருடையது என்று பாராவிடில் சுட்டியின் அசைவு எழுத்தாகிவிடும்.

மற்றொரு சிக்கல் நுண்ணியது. கட்டளையைத் தட்டி நுழைவு விசையை அழுத்துகிறோம்: 28. நிரல் கட்டளையை ஏற்று விடைபெறுகிறது. விரல் எழும்போது பிறக்கும் 156 அதன் பிறகே வருகிறது, எடுக்க ஆளில்லை. அதனையும் பெற்றுத் தீர்க்க முயல்வதற்கென்றே கேடிபியில் தனிச் செயற்கூறு சேர்த்துள்ளனர். திரையும் கைவிட்ட நிலையில், விசைப்பலகையின் விளக்குகளைச் சிமிட்டித் தன் முடிவை லினக்ஸ் அறிவிப்பதும் உண்டு.

கேடிபி அடிப்படை ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்கும். இங்கும் தமிழ் வேண்டும் என்பாரோடு நாம் உடன்படவில்லை. முறிந்த பொறியில் குறைந்த நிரலே பாதுகாப்பு.

இதனை நாம் கற்றது ஒரு பயிலரங்கில். கணினி எழும் பொழுதும் அம்மேலடுக்குகள் இல்லை என்பதை மறந்து, வட்டைத் திறக்கும் கடவுச்சொல்லைத் தமிழில் வைக்குமாறு மாணவர்களிடம் ஆர்வத்தோடு கூறிவிட்டோம். மறுநாள் ஒரு மாணவியின் கணினி கடவுச்சொல் கேட்டு நின்றது. தட்டியவை யாவும் ஆங்கிலமாகவே சென்றன. அவருடைய ஓராண்டு ஆய்வேடு உள்ளே இருந்தது. வேறு படியும் இல்லை. மாலையில் அவ்வட்டைக் கழற்றி, தமிழ் உள்ளீடு இயங்கிக்கொண்டிருந்த வேறொரு கணினியில் இணைத்து, அதே சொல்லைத் தட்டினோம். திறந்தது. முதற்காரியமாக ஆய்வேட்டைப் படியெடுத்தோம். அடுத்துக் கடவுச்சொல்லை மாற்றினோம்.