திங்கள் யாருக்கு உரியது?

இன்று கார்த்திகைச் சோமவாரம். சங்காபிடேகம் கண்டு கண்குளிர்ந்தோம். சென்ற வாரம் அன்பர் ஒருவர் நம்மை வினவினார்: "திங்கட்கிழமை சந்திரனுடைய நாளாயிற்றே, சிவபெருமானுக்கு விரதம் இருப்பானேன்?" தம் சாதகத்தில் சந்திரன் நலிந்தான் என்று கேட்டு அஞ்சியிருந்தார் போலும்.

கிழமை என்னுஞ் சொல்லுக்கு உரிமை என்பது பொருள். கிழவன், கிழத்தி என்பன உரிமையுடையாரைக் குறித்தலை இலக்கணம் பயின்றார் அறிவர். ஏழு கோள்களும் ஓரைக்கு ஒன்றாக முறையே ஆளும் என்பது சோதிட நூற் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை உதயந்தொட்டு எண்ணினால் 25ஆம் ஓரை, அஃதாவது மறுநாளின் முதல் ஓரை, திங்களுக்கு வரும். அதனால் அந்நாள் திங்களின் உரிமையாயிற்று.

அத்திங்கள் யாருடைய உரிமை? தக்கன் சாபத்தால் நாளும் ஒரு கலையாகத் தேய்ந்து, எஞ்சிய ஒற்றைக் கலையுடன் பெருமான் திருவடியில் வீழ்ந்தவன் அவன். பெருமான் சாபத்தை முற்றும் துடைத்தாரல்லர். தேய்தலும் வளர்தலும் இன்றும் உள. ஆயினும் அடியில் வீழ்ந்தவனை முடிமேல் ஏற்றினார். சௌராட்டிரத்துச் சோமநாதத்தில் இறைவன் திருநாமமே சோமனுக்கு நாதன் என்பதன்றோ! சோமன் என்பதற்கு உமையோடு கூடியவன் எனவும் பொருளுரைப்பர் பெரியோர்.

இவற்றை அன்பருக்குக் கூறினோம். இன்று அவர் சங்கு ஒன்றை ஏந்தி வரிசையில் நின்றதைக் கண்டோம்.