உப்புநீர் நடுவே நல்ல தண்ணீர்

இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் காரும் பஸ்ஸும் ஊர் எல்லையோடு நின்றுவிடும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், படிகளுக்குக் கீழேயே பெரிய கால்வாய். காண்டோலாப் படகுக்குக் கட்டணம் அதிகம். 'வாப்பரெட்டோ' எனும் பொதுப் படகில், ஒன்றாம் எண்ணில் ஏறிக்கொள்ளுங்கள். இருகரை மாளிகைகளையும், 1591-இல் கட்டி முடித்த ரியால்டோ கல்பாலத்தையும் காட்டியபடி அது உங்களைச் சான் மார்கோவில் இறக்கிவிடும்.

அங்கே பழைய ஆட்சியாளர்களின் அரண்மனை முற்றத்தில் வெண்கலக் கைப்பிடிச் சுவரோடு இரண்டு கிணறுகள் இருக்கின்றன. 16-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. அவற்றின் முன் சற்று நில்லுங்கள். வெனிஸின் உண்மையான அதிசயம் இவைதான் என்பேன்.

சுற்றிலும் தண்ணீர், அத்தனையும் உப்பு. பூமிக்கடியில் தோண்டினாலும் நல்ல ஊற்று எளிதில் கிடைக்காது. அப்படியானால் ஊர் மக்கள் எதைக் குடித்தார்கள்? மழையை! ஊரின் சதுக்கங்களை ஆழமாகத் தோண்டி, உப்புநீர் கசியாதபடி அடியிலும் பக்கங்களிலும் களிமண் பூசினார்கள். நடுவில் செங்கல் கிணறு எழுப்பி, சுற்றிலும் மணலை நிரப்பினார்கள். மேலே கல் பாவிய தரையில் அங்கங்கே துளைக் கற்கள். மழைநீர் அவற்றின் வழியே இறங்கி, மணலில் வடிகட்டப்பட்டு, தெளிந்து கிணற்றுக்குள் சேரும். நாம் பார்ப்பது கிணற்றின் வாயை மட்டுமே. சதுக்கம் முழுவதுமே தண்ணீர்த் தொட்டி! மழை பொய்த்த காலத்தில் பிரெந்தா ஆற்றிலிருந்து படகில் நன்னீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். 1884-இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊரின் தாகத்தைத் தணித்தவை இந்தக் கிணறுகள்தான்.

அரண்மனைக்கு வெளியே, இப்போது மூடியிட்டுக் கிடக்கும் மற்றக் கிணறுகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. சான் மார்கோ கூட்டத்தை விட்டு விலகி, ஏதாவது ஒரு சந்தில் நுழைந்து நடங்கள். 'காம்போ' எனப்படும் சிறு சதுக்கம் ஒன்று வரும். பெரும்பாலும் அதன் நடுவே, செதுக்கிய கல்லில், ஒரு கிணறும் இருக்கும்.

ஒரு வேண்டுகோள். போகும்போது காலி பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தெருக்குழாய்களில் வரும் தண்ணீர் குடிக்க உகந்தது. நாம் வீசும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பாட்டிலையும் அந்த ஊர்க்காரர்கள் படகில் ஏற்றித்தான் அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது.