மேகத்தில் வைத்த ஏடுகள்



பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியிலே அகளி என்னும் ஊர் உள்ளது. மன்னார்க்காட்டிலிருந்து ஆனைகட்டி வழியாகக் கோவை செல்லும் சாலையில் அமைந்த ஊர் அது. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்களும், தமிழும் மலையாளமும் பேசும் குடியேறிய மக்களும் அப்பகுதியில் அருகருகே வாழ்கின்றனர். அட்டப்பாடியினூடே ஓடிப் பவானியோடு கலக்கும் சிறுவாணியின் அணை கேரள மலையில் இருக்கிறது. அதன் நீரைப் பருகுவதோ தமிழகத்தின் கோவை நகரம். நாம் அருந்தும் நீர் பிறர் நிலத்தில் தேங்கி நிற்பதில் தவறில்லை. அணை உறுதியாக உள்ளதா, நீர் தூயதா என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கவேண்டும், அவ்வளவே.

இன்று நம் ஏடுகளும் அவ்வாறே பிறர் நிலத்தில் தேங்கியுள்ளன. பிறந்த நாட்சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், சேமிப்புக் கணக்கு ஆகியவை எங்கோ ஒரு தரவு மையத்தில் பதிவாகின்றன. இதனை 'மேகக் கணிமை' என்கிறோம். பெயர் மேகமாயினும் பொருள் மண்ணில்தான் உள்ளது. கட்டடம், மின்சாரம், கணினி வரிசைகள், அவற்றைக் காக்கும் மனிதர்கள் ஆகிய இவையே அந்த மேகம்.

கேரளத்தின் பள்ளிகளையே சான்றாகக் கொள்வோம். மாணவர் விவரங்களைப் பேண அம்மாநிலம் அமைத்த 'சம்பூர்ணா' என்னும் ஏற்பாடு, 'ஃபெடெனா' என்ற திறமூல மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. பள்ளிக் கணினிகளிலும் லினக்ஸ் என்னும் திறமூல இயங்குதளமே பயன்படுகிறது. திறமூலமாவது யாது? மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என்பதே. உலகின் மேகக் கணினிகளுள் பெரும்பாலானவை லினக்ஸிலேயே இயங்குகின்றன. இந்திய அரசும் 2015ஆம் ஆண்டில் அரசு அலுவலகங்களில் திறமூல மென்பொருளை ஏற்பதற்கான கொள்கையை வெளியிட்டது.

"எவரும் படிக்கக் கூடுமாயின் திருடனும் படிப்பானன்றோ? பாதுகாப்பு ஏது?" என்று நேயர்கள் வினவலாம். நியாயமான வினாவே. நல்ல பூட்டின் வலிமை அதன் திறவுகோலில் உள்ளதேயன்றி, பூட்டின் அமைப்பை மறைத்து வைப்பதில் இல்லை. அமைப்பு வெளிப்படையாக இருந்தால் குறையைக் காண்போரும் பலராவர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. காண இயலும் என்பது வேறு. கண்டார்கள் என்பது வேறு.

நம் முன்னோர் ஏரிகளைக் குடிமராமத்தால் காத்தனர். நீர் பாயும் நிலமுடையோர் அனைவரும் கூடிக் கரையைச் செப்பனிட்டனர். எல்லாரும் நீர் எடுத்து, எவரும் மண் சுமக்கவில்லையெனில் கரை உடையும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளுக்கு நேர்ந்தது அதுவே. இணையத்தில் செல்லும் ரகசியச் செய்திகளைக் காக்கும் அந்த மென்பொருளை உலகமே பயன்படுத்திற்று. அதனைப் பேணியவரோ ஒரு சிலர். வந்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டாலர். 2012இல் அதில் புகுந்த பிழையொன்று 2014 ஏப்ரலில்தான் வெளிப்பட்டது. 'ஹார்ட்பிளீட்' எனப் பெயர் பெற்ற அப்பிழையின் வழியே கடவுச்சொற்களும் கசியக்கூடும் என்றறிந்து உலகம் திடுக்கிட்டது.

கரை உடைப்பவன் மண்வெட்டியோடு உதவிக்கு வருவதும் உண்டு. எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளுக்குப் புனைபெயர் பூண்ட ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேலாக உதவி, நம்பிக்கை பெற்று, பின் அதனுள் கள்ளவழி ஒன்றை அமைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி மிகுதியாவதைக் கவனித்தார். காரணத்தைத் தேடிக் கள்ளவழியைக் கண்டறிந்தார். மூல நிரல் திறந்திருந்தமையால் அவர் காரணத்தை இறுதிவரை தொடர முடிந்தது. ஆனால் அந்த அரை நொடியைப் பொருட்படுத்த ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

பிழை கண்டு திருத்தம் வெளிவந்த பின்னும் அசட்டை கேடு செய்யும். அமெரிக்காவின் ஈக்விபேக்ஸ் நிறுவனம் 2017இல் 14 கோடிக்கு மேற்பட்டோரின் விவரங்களைப் பறிகொடுத்தது. காரணமான பிழைக்குத் திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே கிடைத்தது. திருடர் மே மாதத்தில்தான் நுழைந்தனர். தீயும் கேடே. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகர அரசுத் தரவு மையம் தீப்பற்றியது. வேறிடத்தில் படியில்லாமையால் அரசு ஊழியர்கள் சேமித்து வைத்திருந்த 858 டெராபைட் அளவான ஆவணங்கள் அழிந்தன.

ஆகவே, வெளி மாநிலங்களில் தமிழ்ச் சங்கங்களும் நூலகங்களும் நடத்தும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். உறுப்பினர் பட்டியலை வாடகைக் கணினியில் வைத்தால், இடம் கொடுப்பவர் கட்டடத்தைக் காப்பார். உள்ளறையின் கதவைப் பூட்டுவது நம் கடமை. திருத்தங்களை உடனே ஏற்றுக. கடவுச்சொல்லோடு இரண்டாம் சரிபார்ப்பையும் வைத்துக்கொள்க. மற்றொரு படியை வேறிடத்தில் சேமிக்க. அப்படி திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க. பயன்படுத்தும் திறமூல மென்பொருளுக்கு இயன்ற உழைப்போ பொருளோ நல்குக. அதுவும் குடிமராமத்தே.

அகளியிலிருந்து பிழைப்பு நாடி வேற்றூர் செல்லும் குடும்பத்தின் குழந்தைக்கு, மாற்றுச் சான்றிதழ் கிடைத்தால்தான் புதிய பள்ளியின் கதவு எளிதில் திறக்கும். அந்த ஓர் ஏட்டின் பின்னே எத்தனையோ பேரின் விழிப்பு இருக்கவேண்டும். ஏரி பொதுவாக இருப்பது நன்று. கரையும் பொதுவென்று நாம் எண்ணினால் அதனினும் நன்று.