நான்கெழுத்து நூல்

 

ஆழ்ந்து கற்றவரை எழுத்தெண்ணிப் படித்தவர் என்று பாராட்டுவது நம் மரபு. உண்மையாகவே எழுத்தெண்ணிப் படிக்கப்பட்ட ஒரு நூலைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அது மனித மரபணுத்தொகை. அதன் நெடுங்கணக்கில் எழுத்துகள் நான்கே. நூலின் நீளமோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள்.

அதனைப் படிக்கும் பொதுத்திட்டம் 1990-இல் தொடங்கிற்று. 1996 பிப்ரவரியில் அத்திட்டத்தின் அறிஞர்கள் பெர்முடாவில் கூடி ஓர் உறுதி பூண்டனர். ஆயிரம் எழுத்துகளுக்கு மேற்பட்ட பகுதி ஒன்று கோவையாக அமைந்தவுடன், இயன்றவரை 24 மணி நேரத்திற்குள் பொதுத் தரவகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பதே அது. கட்டுரை எழுதிப் பெயர் பெறும்வரை தரவை மறைத்துவைக்கும் வழக்கம் அங்கே கைவிடப்பட்டது. ஏட்டுச்சுவடியைப் பிறர்க்குக் காட்டாது பூட்டிவைத்தவர்களை அறிந்த நமக்கு இம்முடிவின் அருமை எளிதில் விளங்கும்.

1998-இல் தோன்றிய செலரா என்னும் நிறுவனம் அதே நூலைத் தனியே படிக்க முற்பட்டது, பொதுத்தரவையும் எடுத்தாண்டது. 2001 பிப்ரவரியில் இரு தரப்பாரின் வரைவுகளும் வெளிவந்தபோது, செலராவின் தரவு அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டே கிடைத்தது. பொதுத்திட்டத்தின் தரவு எவர்க்கும் விலையின்றிக் கிடைத்தது. 2003-இல் திட்டம் நிறைவெய்தியது. எஞ்சிய ஏறத்தாழ 8 விழுக்காட்டையும் பின்வந்த அறிஞர்கள் படித்து முடித்து 2022-இல் வெளியிட்டனர்.

ஆயினும், 'பொது' என்ற சொல்லின் முன் நான் சற்றே தயங்குகின்றேன்.

ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1951-இல் பால்டிமோர் நகரில் புற்றுநோயால் மறைந்தார். அவரைக் கேளாமலே எடுக்கப்பட்ட உயிரணுக்கள் ஹீலா என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் வளர்கின்றன. 2013 மார்ச்சில் அவற்றின் மரபணுத்தொகை எவரும் காணுமாறு வெளியிடப்பட்டது. அவர்தம் மக்களையும் பெயரர்களையும் பற்றிய உடற்குறிப்புகளும் அதனுள் பொதிந்திருந்தன. அப்போதும் அவர்களை எவரும் கேட்கவில்லை. எதிர்ப்பு எழவே தரவு பொதுப்பார்வையினின்று நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனங்கள் அக்குடும்பத்தாருடன் உடன்பாடு கண்டன. ஆய்வாளர் விண்ணப்பித்துப் பெறலாம். விண்ணப்பங்களை ஆராயும் குழுவில் குடும்பத்தினர் இருவர் இடம்பெறுவர்.

அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் மறைந்தமையால் ஒருவரின் அகம் அனைவர்க்கும் உரிய பாடலாயிற்று. பொதுத்திட்டத்திற்குக் குருதி தந்தோரின் பெயர்களும் மறைக்கப்பட்டே இருந்தன. ஆனால் மரபணுத்தொகையில் பெயரை நீக்கினாலும் எழுத்துகளே ஆளைச் சுட்டிவிடக்கூடும். அவர்தம் கிளைஞரையும் சுட்டும். ஆகவே அங்கே பெயர் மறைத்தல் மட்டும் போதாது. இசைவு கேட்டல் வேண்டும். மாந்தர்க்கெல்லாம் பொதுவான பாடம் திறந்தே இருக்கட்டும். ஒருவரின் தனிப்பாடத்தைத் திறக்குமுன் அவர் வாயிலில் நின்று கேட்போம். லாக்ஸ் குடும்பத்தார் கதவை அடைக்கவில்லை. கேட்டபோது இசைந்தனர். கேட்பதற்குத்தான் நமக்கு அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.