கோல் போட ஆள் வேண்டும்!
(ஜூபிலி விளையாட்டு விழா மாலையில், பங்கு இளைஞர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





'விளையாட்டும் விசுவாசமும்' என்ற பொருளில் பேசுமாறு எங்களைப் பணித்தார்கள். விசுவாசத்தைப் பற்றிப் பேச இங்கே எங்களைவிடத் தகுதியுள்ளவர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். எங்களுக்குத் தெரிந்தது விளையாட்டு, அதிலும் கால்பந்து, அதிலும் தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணியை விடாமல் நேசிப்பது எப்படி என்ற ஒரே கலை. விசுவாசத்தில் அதற்கும் ஓர் இடம் உண்டென்று நம்பி அதையே பேசுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில் சுவரோரம் ஒரு கூட்டம் நின்று உரக்கப் பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலர் எங்களிடம், "என்னப்பா, சொத்துத் தகராறா?" என்றுகூடக் கேட்டதுண்டு. சொத்து எதுவும் இல்லை. சென்னையின் எஃப்.சி. அணிக்கு வேண்டியது நல்ல செண்டர் பார்வர்டா, நல்ல ஆட்டமுறையா என்பதே தகராறு. இந்த ஒரு கேள்வியில் எங்கள் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரு வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. ஒரு மாமாவும் மருமகனும் இதனால் மூன்று வாரம் பேசிக்கொள்ளாமல் இருந்ததும் நடந்தது.

கால்பந்து பார்க்காத பெரியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் செல்கிறோம். இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியபோது நம் சென்னைக்கும் ஓர் அணி கிடைத்தது. படூர் சாலையில் 102 ஏறி, பாரிமுனை வரை ஆடி அசைந்து போய், பெரியமேடு நேரு விளையாட்டரங்கத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, திரும்பி வரப் பேருந்து கிடைக்காமல் நின்ற இரவுகள் எங்களுக்கு எண்ணிக்கையில்லை. 2015-ஆம் ஆண்டு அணி பட்டியலின் அடியில் கிடந்தது. அங்கிருந்து தொடர்ந்து வென்று அரையிறுதிக்கு வந்தது. அந்த டிசம்பரில்தான் சென்னையை வெள்ளம் கொண்டுபோனது. நம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் புகுந்து, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேடு தேடி ஓடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் நடக்கவேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். 87-ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. எங்களில் பாதிப்பேர் தொலைக்காட்சிப் பெட்டியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டோம். 90-ஆம் நிமிடத்தில் எதிர் அணியின் கோல்கீப்பர் கையிலேயே பட்டு ஒரு கோல். அடுத்து மெண்டோசா ஒரு கோல். 3-2. வாசலுக்குப் போனவர்கள் அந்த இரண்டு கோலையும் பார்க்கவில்லை. இன்றுவரை நாங்கள் அவர்களை மன்னிக்கவில்லை.

கொலம்பியாக்காரரான ஸ்டீவன் மெண்டோசா அந்தப் பருவத்தில் 13 கோல் அடித்துத் தங்கக் காலணி பெற்றார். அன்று பிறந்ததுதான் எங்களுள் ஒரு கட்சி. அவர்கள் கொள்கை எளிமையானது: "நல்ல ஸ்டிரைக்கர் ஒருவனைக் கொண்டு வா. மற்றதெல்லாம் தானாக நடக்கும்."

இன்னொரு கட்சி பிறந்தது 2018 மார்ச் 17-இல். பெங்களூரில், பெங்களூர் அணியின் சொந்த மைதானத்தில் இறுதியாட்டம். சுனில் சேத்ரி 9-ஆம் நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டார். நமக்கு முதல் இரண்டு கோலையும் போட்டவர் மைல்சன் ஆல்வஸ். இரண்டும் கார்னர் கிக்கில் வந்த பந்தைத் தலையால் அடித்தவை. அவர் ஸ்டிரைக்கர் அல்லர்; பின்வரிசையில் நிற்கும் பேக்! மூன்றாவது கோல் நடுவரிசை ரஃபேல் அகஸ்டோவுடையது. மீண்டும் 3-2, மீண்டும் கோப்பை. "பார்த்தீர்களா, ஸ்டிரைக்கர் ஒரு கோலும் போடாமலே கோப்பை வந்தது. பயிற்சியாளர் ஜான் கிரிகரி வகுத்த முறைதான் வென்றது" என்றார்கள் இந்தக் கட்சியினர்.

அடுத்த பருவமே அவர்கள் வாயடைத்துப் போனார்கள். 2018-19-இல் அதே கிரிகரி, பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள். பத்து அணிகளில் பத்தாவது இடம்! 18 ஆட்டத்தில் 9 புள்ளி. ஜெஜே கோல் அடிக்க முடியாமல் தவித்ததைப் பார்க்க எங்களுக்கே கண்ணீர் வந்தது. மிசோராமில் பிறந்து நம் அணிக்காக அத்தனை கோல் போட்ட பிள்ளை அவர்.

இதே பருவத்தில் நம் தமிழ்நாட்டிலேயே இன்னோர் அணி என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். ஐ-லீகில் ஆடிய சென்னை சிட்டி, கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டு, சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸின் பயிற்சியில், பந்தைத் தரையிலேயே உருட்டிக் கைமாற்றி ஆடியது. கடைசி நாளான 2019 மார்ச் 9-இல் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திச் சாம்பியன் ஆனது. எங்கள் ஆட்டமுறைக் கட்சி மறுபடியும் குதித்தது. உடனே ஸ்டிரைக்கர் கட்சி, "பெட்ரோ மன்சி 21 கோல் போட்டாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?" என்று கேட்டது. அதற்கு எவரிடமும் பதில் இல்லை. அந்தச் சாம்பியன் அணி சில வருடங்களிலேயே ஐ-லீகிலிருந்து காணாமற்போனது தனித் துக்கம்.

உண்மையில் இந்த வழக்குக்குச் சாட்சி சொல்லத் தகுந்த பருவம் 2019-20 ஒன்றுதான் என்பது எங்கள் துணிபு. ஆகவே அதில் கொஞ்சம் நிற்கிறோம். லிதுவேனியாவிலிருந்து வால்ஸ்கிஸ் என்ற ஸ்டிரைக்கர் வந்தார். முதல் நான்கு ஆட்டத்தில் அணி ஒரு கோலும் அடிக்கவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக, தொண்ணூறு நிமிடம் முடிந்த பிறகு கிடைத்த உபரி நேரத்தில் இரண்டு கோல் போட்டுத் தப்பித்தோம். ஆறு ஆட்டம் முடிந்ததும் கிரிகரி விலகினார். ஸ்காட்லாந்துக்காரர் ஓவன் காயில் வந்தார். ஆட்கள் அதே ஆட்கள். ஆனால் காயில் அவர்களைப் பத்து கெஜம் முன்னே தள்ளி நிறுத்தினார் என்று சொல்லலாம். சாங்தே ஓரத்தில் ஓட, கிரிவெல்லாரோ நடுவில் நின்று பந்தை அறுத்து அறுத்துக் கொடுக்க, முதல் நான்கு ஆட்டத்தில் கோலே போடாத அதே வால்ஸ்கிஸ் பருவ முடிவில் 15 கோலோடு தங்கக் காலணி வாங்கினார். நான்காம் இடம் பிடித்து, அரையிறுதியில் கோவாவை 6-5 என்ற மொத்தக் கணக்கில் தாண்டி, இறுதிக்குப் போனோம். 2020 மார்ச் 14 அன்று, கொரோனா காரணமாக ஆளில்லாத அரங்கில் கொல்கத்தாவிடம் 3-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலும் வால்ஸ்கிஸ் போட்டதுதான்.

இதைப் பற்றிப் பேசும்போது ஒரு ஞாயிறு, எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசாத உபதேசியார் ஒருவர் குறுக்கிட்டார். "திபேரியாக் கடலில் பேதுருவும் மற்றவர்களும் இரவெல்லாம் வலை போட்டார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. அதே படகு, அதே வலை, அதே ஆட்கள். வலப்பக்கம் போடச் சொன்னார், வலை கிழியாததுதான் மிச்சம். ஆளை மாற்றவில்லையே, அய்யா!" என்றார். ஆட்டமுறைக் கட்சி கைதட்டியது. கோவளத்திலிருந்து வரும் மீனவ அண்ணன் ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "பக்கத்தை மாற்றினால் போதாது உபதேசியாரே, சொன்னவர் யார் என்று பாருங்கள். அவர் மாதிரிப் பயிற்சியாளர் கிடைத்தால் நாங்களும் வாயை மூடிக்கொள்கிறோம்" என்றார்.

அதற்கு அடுத்த வருடம் காயிலும் வால்ஸ்கிஸும் இருவருமாக ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார்கள். 2020-21-இல் 20 ஆட்டத்தில் 17 கோல்தான். 11 ஆட்டம் டிரா. பார்க்கப் பார்க்கத் தூக்கம் வந்தது. தொடர்ந்து மூன்று பருவம் எட்டாம் இடம். 2022 டிசம்பரில் குவாஹாட்டியில் வடகிழக்கு அணியை 7-3 என்று அடித்தபோது, ஹாட்ரிக் போட்ட எல் கயாத்தியையும் அவரோடு ஸ்லிஸ்கோவிச்சையும் தலையில் தூக்கி வைத்தோம். அந்தப் பருவமும் எட்டாம் இடம்தான். போட்ட கோலுக்கு ஈடாக வாங்கிக்கொண்டார்கள். ஸ்லிஸ்கோவிச்சும் அப்புறம் ஜாம்ஷெட்பூர் போனார். காயில் திரும்பி வந்து 2023-24-இல் ஆறாம் இடம் பிடித்து நம்பிக்கை கொடுத்தார். 2024-25-இல் 13 அணிகளில் 11-ஆம் இடம். ஓரத்திலிருந்து ஷீல்ட்ஸ் வாய்ப்புமேல் வாய்ப்பாக உருவாக்கிக் கொடுத்தும் வலையில் பந்து போதவில்லை என்று ஒரு கட்சி. பின்வரிசை ஓட்டைப் பானை என்று ஒரு கட்சி. 2025-இல் லீகே வழக்கமான செப்டம்பரில் தொடங்காமல் நின்றபோதுதான், சண்டை போடக்கூட ஓர் ஆட்டம் வேண்டுமே என்ற ஏக்கம் இரண்டு கட்சியையும் ஒன்றாக உட்காரவைத்தது.

அப்படி உட்கார்ந்த ஒரு நாளில் எங்களுக்குள் வேறொரு கணக்கு எழுந்தது. மெண்டோசா, வால்ஸ்கிஸ், ஸ்லிஸ்கோவிச், எல் கயாத்தி: வந்தவர்கள் எல்லாரும் வந்த வழியே போனார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் ஒருவர் போனதும் அணி ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. 2021-22 முதல் களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தாம் ஆடலாம் என்று விதி வந்தும், அந்த நான்கில் ஒன்று பெரும்பாலும் செண்டர் பார்வர்டுக்கே போகிறது. நம் நாட்டுப் பையன் பார்வர்டாகப் பிறந்தாலும் அவனை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். சேத்ரிக்குப் பிறகு யார் என்று நாடே கேட்பதற்குக் காரணத்தில் பாதி இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

நம்மவர்கள் இல்லாமலில்லை. காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன் 2022-23-இல் லீகின் சிறந்த இளம் வீரர் விருது வாங்கினார், பெங்களூர் அணிக்கு ஆடி. சென்னைப் பையன் நந்தகுமார் கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிப் பெயர் வாங்கினார். கன்னியாகுமரிக் கடற்கரையில், நம்மைப் போலவே கோவில் மணி கேட்டு வளர்ந்த இரவிபுத்தன்துறை சூசைராஜ் ஜாம்ஷெட்பூருக்கும் கொல்கத்தாவுக்கும் ஆடினார். வியாசர்பாடி தன்பால் கணேஷ் மட்டும் 2018-இல் நம் கோப்பை அணியிலேயே இருந்தார். அவரைப் பார்த்தபோது எங்களுக்கு வந்த மகிழ்ச்சி மெண்டோசாவைப் பார்த்தபோது வந்ததில்லை.

"நம் பையன்களை ஏன் எடுக்கவில்லை?" என்று இப்படி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கையில் ஒருவர், "நாம் எடுத்தோமா?" என்று கேட்டார். சுவரோரம் சட்டென்று அமைதியாகிவிட்டது.

இங்கே ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டியிருக்கிறது. மூன்று வருடத்திற்கு முன் எழுவர் போட்டி ஒன்றுக்கு நம் பங்கு அணியைக் கூட்டிச் சென்றோம். அரையிறுதி வரை வந்துவிட்டோம். கோப்பை ஆசை பிடித்துக்கொண்டது. வெளியூரிலிருந்து கெஸ்ட் பிளேயராக ஒரு பார்வர்டைக் காசு கொடுத்து அழைத்து வந்தோம். அதுவரை எங்களுக்குக் கோல் போட்டுத் தந்த பையனை, பூசையில் உதவி செய்கிற பையன், பதினாறு வயது, பெஞ்சில் உட்காரவைத்தோம். ஷூவைக் கட்டி முடித்திருந்தான். "தம்பி, இன்றைக்கு மட்டும்" என்றோம். வந்தவர் ஒரு கோல் போட்டார். நாங்கள் 2-1 என்று தோற்றோம். அவர் காசை வாங்கிக்கொண்டு மரியாதையாகப் போனார். பையன் அடுத்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவன் தாயார் எங்களைப் பார்த்தால் இன்றும் சிரித்துப் பேசுகிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு ஜூபிலி ஆட்டத்துக்கும் கெஸ்ட் பிளேயர் பேச்சு எழுந்தது. கோப்பை நம் ஊரிலேயே நிற்கவேண்டும் என்று பணம் தரவும் சில நல்ல உள்ளங்கள் முன்வந்தார்கள், அவர்களுக்கு நன்றி. இரண்டு இரவு விவாதித்தோம். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கட்சியும் இதில் ஒத்துப்போனது: வெளியாள் வேண்டாம். நம் பையன்களே ஆடட்டும். தோற்றால் தோற்கிறோம். அந்தப் பணத்தில் சிறுவர்களுக்குப் பந்தும், மைதானத்துக்குச் சுண்ணாம்பும் வாங்கியிருக்கிறோம். நாங்கள் சிறுவர்களாய் ஆடிய பொட்டல்கள் எல்லாம் அடுக்குமாடியாகிவிட்ட இந்தப் படூரில், கோவில் பின்புற இடத்தை மாலை வேளையில் விட்டுக்கொடுத்த பங்குத்தந்தைக்கு எங்கள் நன்றி எப்போதும் உண்டு.

அந்தப் பையனுக்கு இப்போது பத்தொன்பது வயது. கேளம்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிறான். எங்களில் இருவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். "பார்க்கலாம் அண்ணே" என்றான். புதன்கிழமை மாலை வந்து, கோட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். தன் பக்கம் உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்தித் திருப்பி உதைத்துவிட்டுப் போனான். ஒன்பதாம் எண் சட்டையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். ஆட்டம் ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு. எல்லாரும் வாருங்கள்.